இடுப்பு எலும்பு முறிவு: ஆபரேஷனுக்குப் பிந்தைய மாதங்களில் போன் என்ன செய்யும்?

எழுபதைத் தாண்டிய ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் மேல்முனை உடைந்தால், குடும்பத்தின் கவலை முழுவதும் ஆபரேஷனைச் சுற்றியே இருக்கும். எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், மயக்க மருந்தை இதயம் தாங்குமா, பிளேட் வைப்பார்களா, பந்துக்கிண்ண மூட்டை மாற்றுவார்களா, செலவு எவ்வளவு ஆகும். ஆபரேஷன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வாரம், பத்து நாளில் டிஸ்சார்ஜ். வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் குணமாவதில் பாதிக்கு மேல் அதன் பிறகுதான் நடக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பாதியைக் கவனிக்கத்தான் யாரும் இருப்பதில்லை.

உடைந்த எலும்பைப் பொருத்திக் கொடுப்பது டாக்டரின் வேலை. நடையைத் திரும்பக் கொண்டுவருவது தசையின் வேலை. வயதானவர்களின் தசை படுக்கையில் எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதை 2007இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு காட்டியது. எந்த நோயும் இல்லாத முதியவர்கள் சிலரைப் பத்து நாள் முழு ஓய்வாகப் படுக்கவைத்தார்கள். பத்தாம் நாள் பார்த்தால், கால்களில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போயிருந்தது. அவர்கள் எலும்பு உடையாதவர்கள், நன்றாகச் சாப்பிட்டவர்கள். வலி, ஆபரேஷன், பசியின்மை எல்லாம் சேர்ந்த ஒருவருக்கு இழப்பு இன்னும் கூடுதலாகத்தான் இருக்கும். ஆபரேஷனுக்கு மறுநாளே எழுப்பி நிறுத்த வேண்டும் என்று பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2011இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது இதனால்தான். இடுப்பு முறிந்த முதியவர்களில் ஐந்தில் ஒருவரோ நான்கில் ஒருவரோ ஓராண்டுக்குள் இறந்துவிடுவதாகப் பல நாடுகளின் கணக்குகள் சொல்கின்றன. பிழைத்தவர்களிலும் கணிசமானோருக்குப் பழைய நடை திரும்புவதே இல்லை.

டிஸ்சார்ஜ் அன்று பிசியோதெரபிஸ்ட் வந்து நான்கைந்து பயிற்சிகளைச் செய்து காட்டுவார். கணுக்காலை மேலும் கீழும் ஆட்டுவது, முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து அழுத்துவது, குதிகாலைப் படுக்கையோடு இழுத்து முழங்காலை மடக்குவது, நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. படம் போட்ட தாள் ஒன்றும் கையில் கிடைக்கும். மூன்றாம் நாள் அந்தத் தாள் மருந்துச் சீட்டுகளோடு பைலுக்குள் போய்விடும். வீட்டுக்கு வந்து போகிற பிசியோவை வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் கொடுத்து மாதக்கணக்கில் வரவழைக்க எத்தனை குடும்பங்களால் முடியும்? நோயாளியை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதோ, அவருக்கும் கூட்டிப்போகிறவருக்கும் ஒரு நாளையே விழுங்கிவிடும். இரண்டு, மூன்று வாரத்தில் எல்லாம் நின்றுபோகும்.

வீடியோ அழைப்பு, பயிற்சி வீடியோ, கையில் கட்டும் பட்டை, சென்சார், நினைவூட்டும் செயலி என்று இன்று பேசப்படும் எல்லாத் தொழில்நுட்பமும் இந்த இடைவெளியில்தான் வந்து நிற்கிறது. இவற்றில் எது உதவும், எது உதவாது என்பதற்கு ஓரளவு நல்ல ஆய்வுகள் இருக்கின்றன.

2014இல் பாஸ்டன் பகுதியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. இடுப்பு முறிந்து, வழக்கமான பிசியோ சிகிச்சையும் முடிந்துவிட்ட 232 பேர் அதில் பங்கேற்றார்கள். ஒரு பிரிவினரின் வீட்டுக்குப் பிசியோதெரபிஸ்ட் சில முறை மட்டும் போய்ப் பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார். பிறகு டிவிடியைப் போட்டுப் பார்த்து அவர்களே ஆறு மாதம் செய்தார்கள். நடுநடுவே போனில் விசாரிப்பு. மற்றப் பிரிவை விட இவர்களின் நடை, சமநிலை, எழுந்து நிற்கும் திறன் எல்லாம் ஓரளவு கூடின. டிவிடி என்றால் இன்று பழங்கதையாகத் தோன்றும். ஆனாலும் அந்த ஆய்வு சொன்ன சேதி பழசாகவில்லை. முதலில் ஆள் நேரில் போய்க் கற்றுக்கொடுத்தார், அப்புறம் கருவி தொடர்ந்தது, நடுவில் யாரோ கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஸ்பெயினின் கிரனாடாவில் இதையே இணையத்தில் செய்து பார்த்தார்கள். ‘ஆக்டிவ்ஹிப்’ என்று பெயர், 12 வாரத் திட்டம். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, வீட்டில் பார்த்துக்கொள்கிறவரையும் திட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டதுதான். மகளோ கணவரோ பக்கத்தில் இருந்து செய்யவைக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் சேர்ந்தவர்கள் அன்றாட வேலைகளைத் தாமே செய்துகொள்வதில் மற்றவர்களை விட முன்னேறியிருந்தார்கள். குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வு இல்லை அது. அதனால் முடிவைக் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

நெதர்லாந்தில் ஆறு மறுவாழ்வு இல்லங்களில் 240 பேரோடு நடந்த ஆய்வு 2019இல் வெளியானது. அதில் ஒரு பிரிவினருக்கு அசைவை அளக்கும் சென்சார் உண்டு. ஆனால் அது எண்ணைக் காட்டுவதோடு நிற்கவில்லை. அன்றாட வேலைகளைத் தாமே செய்யப் பழக்கும் செயல்வழி சிகிச்சையாளர் (ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்) அந்தப் பதிவை நோயாளியோடு உட்கார்ந்து பார்த்தார். ‘செவ்வாய்க்கிழமை நிறைய நடந்திருக்கிறீர்கள், புதன்கிழமை எழுந்திருக்கவே இல்லையே, என்ன ஆச்சு?’ என்ற மாதிரிப் பேச்சு அது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் இப்படித்தான் வெளியே வரும். ஆறு மாதம் கழித்து, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களை விட, சென்சாரும் சிகிச்சையாளரும் சேர்ந்து கிடைத்தவர்கள் தங்கள் அன்றாட வாழ்க்கை மேம்பட்டதாகச் சொன்னார்கள்.

ஆஸ்திரேலியாவில் சிட்னியிலும் அடிலெய்டிலும் 300 பேரிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வு இன்னும் யோசிக்கவைப்பது. இவர்கள் எல்லோரும் எலும்பு முறிந்தவர்கள் இல்லை. முதுமையாலோ நரம்புக் கோளாறாலோ நடமாட்டம் குறைந்து மறுவாழ்வு சிகிச்சைக்கு வந்தவர்கள். உடலை அசைத்து ஆடும் வீடியோ விளையாட்டு, டேப்லெட் செயலி, நடை அளக்கும் கருவி எல்லாம் கொடுத்து, பிசியோதெரபிஸ்ட் ஒருவர் ஆறு மாதம் பின்தொடர்ந்தார். நடக்கும் திறன் கூடியது. ஆனால் ஒரு நாளில் அவர்கள் நிமிர்ந்து நின்ற, நடந்த நேரம் கூடவில்லை.

அதாவது நடக்க முடிந்தவர்கள்கூட நடக்கவில்லை. நம் வீடுகளில் இதற்கான காரணத்தைத் தேடிப்போக வேண்டியதில்லை. “நீங்க எழுந்திருக்காதீங்க அத்தை, நான் கொண்டுவர்றேன்” என்று மருமகள் சொல்வாள். காபி கட்டிலுக்கு வரும், சாப்பாடு கட்டிலுக்கு வரும், டிவி ரிமோட் தலையணைக்குப் பக்கத்தில் இருக்கும். வாக்கர் சுவரில் சாய்ந்து நிற்கும். காலையில் இருபது நிமிடம் வீடியோ பார்த்துப் பயிற்சி செய்த அத்தை, மீதிப் பகல் முழுவதும் படுத்தே இருப்பார். அன்பால்தான் செய்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கால்களுக்குத் தேவையானது சமையலறை வரை போய் டம்ளரை வாங்கிக்கொள்ளும் அந்தப் பத்தடிதான். வாக்கரைப் பிடித்த கையில் டம்ளரைத் தூக்கிவர முடியாது என்றால், சமையலறையிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு அங்கேயே குடிக்கவைக்கலாம். எந்தச் செயலியும் இதைச் செய்து தராது. ‘மணி நான்கு, அத்தையைச் சமையலறைக்கு நடத்திக் கூட்டிவரவும்’ என்று மருமகளின் போனில் அலாரம் வைக்க மட்டும் அதனால் முடியும். என்னைக் கேட்டால், அந்த அலாரத்தை அத்தையின் போனில் வைப்பதை விட மருமகளின் போனில் வைப்பதுதான் பலன் தரும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். எல்லோரும் முதலில் வாங்குவது கையில் கட்டும் பட்டை. பிள்ளைகள் வெளியூரிலிருந்து ஆசையாக அனுப்பிவைப்பார்கள். கை வீசி நடக்கும்போது வரும் அசைவை வைத்தே இந்தப் பட்டை பெரும்பாலும் அடிகளை எண்ணுகிறது. வாக்கரைப் பிடித்து நடக்கிறவரின் இரண்டு கைகளும் கம்பியில் பதிந்திருக்கும், வீசவே வீசாது. நடையும் மெதுவானது. காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நகர்த்துவார். பாட்டி கூடத்தை நான்கு சுற்றுச் சுற்றிவந்தாலும் பட்டையில் சில அடிகள்தான் ஏறும். மகன் வெளிநாட்டிலிருந்து செயலியைப் பார்த்துவிட்டு, “நீ நடக்கவே இல்லையாமே” என்று கேட்டால் பாட்டிக்கு மனசே விட்டுப்போகும். மெதுவாக நடப்பவர்களுக்குக் கணுக்காலில் கட்டும் கருவி இதை விடச் சரியாக எண்ணும். அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இன்று எத்தனை முறை எழுந்தார், எத்தனை முறை வாசல் வரை போய்வந்தார் என்று காலண்டர் தாளில் கோடு போட்டு, அதைப் படம் எடுத்துப் பிசியோவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தப்பாக எண்ணும் பட்டையை விட அது உபயோகமானது.

போன் கேமராவே உடலைப் பார்த்து, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, முதுகு சாய்கிறதா என்று கணக்கிட்டுச் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. உண்மையிலேயே நல்ல முன்னேற்றம் இது. ஆனால் கேமராவுக்கு மூட்டு இருக்கும் இடம் தெரிய வேண்டும். தொளதொள நைட்டியிலும், கணுக்கால் வரை கட்டிய புடவையிலும், வேட்டியிலும் முழங்கால் எங்கே என்று அதற்கு எப்படித் தெரியும்? வெளிச்சம் குறைந்த அறையில் இன்னும் தடுமாறும். நம் வீடுகளுக்கு இப்போதைக்கு நேரடி வீடியோ அழைப்புதான் மேல். அந்தப் பக்கம் பயிற்சி பெற்ற ஒருவரின் கண் இருக்கிறதே.

வீடியோ அழைப்பிலும் ஒரு பக்குவம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் போனை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார்கள். பிசியோவுக்கு முகம் தெரிந்து பயனில்லை, கால்தான் தெரிய வேண்டும். நாற்காலியைச் சுவரில் ஒட்டிப் போட்டு, போனைப் பக்கவாட்டில் ஐந்தாறடி தள்ளி, உட்கார்ந்தவரின் இடுப்பு உயரத்தில், ஒரு ஸ்டூலின் மேல் எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்தால் போதும். தலை முதல் பாதம் வரை படத்தில் விழும். வீட்டு ஆள் ஒருவர் கையெட்டும் தூரத்தில், ஆபரேஷன் ஆன பக்கம் நிற்க வேண்டும். அவர் போனைப் பிடிக்கக் கூடாது, நோயாளியைப் பிடிக்கத் தயாராக இருக்க வேண்டும். இப்படி வைத்தால் முப்பது விநாடிச் சோதனையைக்கூட வீட்டிலேயே செய்யலாம். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முப்பது விநாடியில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவதுதான் சோதனை. 70 முதல் 74 வயதுள்ள பெண்ணுக்கு 10க்கும், ஆணுக்கு 12க்கும் குறைந்தால் விழும் அபாயம் அதிகம் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். புதிதாக ஆபரேஷன் ஆனவரால் கையை ஊன்றாமல் ஒரு முறைகூட எழ முடியாமல் போகலாம். அதில் தப்பே இல்லை. கை ஊன்றி மூன்று முறை எழுந்தவர் அடுத்த மாதம் ஆறு முறை எழுகிறாரா என்பதுதான் பார்க்க வேண்டியது. காலில் எவ்வளவு எடை கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகே இதையெல்லாம் தொடங்க வேண்டும். அதை டிஸ்சார்ஜ் தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. மூட்டு மாற்றியவர்கள் தாழ்வான ஸ்டூலில் உட்காருவது, சம்மணம் போடுவது, தரைக் கழிப்பறையில் குந்துவது பற்றியும் அப்போதே கேட்டுவிட வேண்டும்.

விழுந்ததும் தானாக உறவினருக்குச் சேதி அனுப்பும் கைக்கடிகாரங்கள் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆப்பிள் வாட்ச்சில் 2018 முதல் இந்த வசதி உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அதனால் இந்த ஆர்வம் நியாயமானது. ஆனால் இந்தக் கருவிகள் தேடுவது திடீர் அதிர்வை. கட்டிலின் விளிம்பிலிருந்து மெல்லச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டவரை அவை கவனிக்காமல் விட்டுவிடலாம். சார்ஜ் போடக் கழற்றுவோம், தூங்கும்போது கழற்றுவோம், குளிக்கும்போது கழற்றுவோம். வீட்டில் விழுவதற்கு வாய்ப்பு அதிகமுள்ள இடமே குளியலறைதான். கையில் அந்த அளவு பணம் இருந்தால் முதலில் குளியலறைச் சுவரில் இரண்டு கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரை, ராத்திரி எரியும் ஒரு சிறு விளக்கு என்று செலவழிக்கச் சொல்வேன். மீதியில் கடிகாரம் வாங்கலாம்.

வீட்டில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்பதாலேயே பாட்டியிடம் போன் இருப்பதாகிவிடாது. போன் மகனுடையது. அவர் காலையில் வேலைக்குக் கிளம்பினால் போனும் கிளம்பிவிடும். பயிற்சி செய்ய வேண்டிய பத்து மணிக்கு வீட்டில் இருப்பது பொத்தான் போன்தான். கண்புரை உள்ளவருக்குத் திரை மங்கலாகத் தெரியும். காது மந்தமானவருக்கு வீடியோவில் பேசுவது புரியாது. தொடுதிரையில் காய்ந்த விரல் பதிவதே இல்லை. செயலியின் குரல் ஆங்கிலத்திலோ புத்தகத் தமிழிலோ பேசினால் ஓரிரு நாளில் அலுத்துவிடும். அந்தப் பிசியோவே தன் குரலில், “பாட்டி, வலது காலைத் தூக்குங்க, அஞ்சு எண்ணுற வரைக்கும் பிடிச்சுக்கோங்க” என்று ஒரு நிமிட வாய்ஸ் மெசேஜ் அனுப்பினால், அதைத் தினமும் போட்டுக்காட்டலாம். ஸ்மார்ட்போனே இல்லாத வீட்டில் வாரம் ஒரு சாதாரணப் போன் அழைப்புகூட மதிப்புள்ளதுதான்.

நான் பார்த்தவரை இந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே விஷயத்தில் வந்து சேர்கின்றன. கருவியின் மறுமுனையில் ஓர் ஆள் இருந்த இடங்களில்தான் பலன் தெரிந்திருக்கிறது. அப்படி ஆள் இருந்தும் அதிசயம் நடந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 2019இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பு முறிந்த 210 பேரில் ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பிசியோதெரபிஸ்டுகள் நேரிலேயே போய் 16 வாரம் பயிற்சி அளித்தார்கள். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடக்கும் அளவுக்குத் தேறியவர்கள் 22.9 சதவீதம்தான். லேசான சிகிச்சை பெற்ற மற்றப் பிரிவில் 17.8 சதவீதம். புள்ளியியல்படி இது வித்தியாசமே இல்லை. நேரில் போயே இவ்வளவுதான் என்றால், ‘முப்பது நாளில் பழைய நடை’ என்று விளம்பரம் செய்யும் செயலிக்குக் காசு கட்டும் முன் யோசிக்க வேண்டும்.

மறுமுனையில் ஆள் வேண்டும் என்ற இடத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு வசதி இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைப் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் திட்டமாகவே பலருக்கும் தெரியும். வீட்டுக்கே வந்து செய்யும் பிசியோதெரபியும் அதில் சேர்த்தி. டாக்டரை வீடியோவில் பார்க்க ‘இ-சஞ்சீவனி’ என்ற அரசுச் சேவை இருக்கிறது. தொலைமருத்துவத்துக்கான மத்திய அரசின் விதிமுறைகள் 2020 மார்ச்சிலேயே வந்துவிட்டன. வீட்டுக்கு வருகிற ஆளும் இருக்கிறார், திரையில் வருகிற டாக்டரும் இருக்கிறார். இடுப்பு ஆபரேஷன் முடிந்து ஊர் திரும்புகிறவரின் விவரம், அவர் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிசியோவுக்கு அன்றே போய்ச் சேர ஏற்பாடு வேண்டும். முதல் மாதம் நேரில், அப்புறம் பாதி நேரில் பாதி வீடியோவில் என்று நடத்தினால், ஒருவரால் இன்னும் நிறைய வீடுகளைப் பார்க்க முடியும். புதுச் செயலி எழுதுவதை விட இந்தக் கோர்வையை உண்டாக்குவதுதான் அவசரம் என்று நினைக்கிறேன்.

அறையில் கேமரா வைத்து வெளிநாட்டிலிருந்து பார்க்கும் வழக்கமும் பரவுகிறது. வைப்பதற்கு முன் அம்மாவைக் கேட்க வேண்டும். உடை மாற்றும் அறை, பெட்பேன் வைக்கும் கட்டில் எல்லாம் படத்தில் விழும் என்பதை அவருக்குப் புரியும்படி சொல்ல வேண்டும். எழுந்தாரா, கதவு திறந்ததா என்று மட்டும் சொல்லும் அசைவு சென்சார் போதுமென்றால் கேமரா எதற்கு?

சில விஷயங்களுக்குத் திரையை நம்பி உட்கார்ந்திருக்கவே கூடாது. ஒரு பக்கக் கெண்டைக்கால் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருக்கலாம். திடீரென மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். தையல் போட்ட இடம் சிவந்து நீர் வடிந்தாலோ, கால் திடீரெனக் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பினாலோ, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்று ஆளை மாற்றிப் பேசினாலோ, நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக, போன் மிக எளிதாகச் செய்யக்கூடியதும் அநேகமாக யாருமே செய்யாததுமான ஒரு வேலை இருக்கிறது. சாதாரணமாக விழுந்ததற்கே இடுப்பு முறிந்தது என்றால், எலும்பு ஏற்கெனவே அரிக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அடுத்த எலும்பும் உடையக்கூடும். இடுப்பு ஆபரேஷன் ஆனவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை சோலெட்ரோனிக் ஆசிட் மருந்தை நரம்பு வழியே ஏற்றிப் பார்த்த பெரிய ஆய்வு 2007இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்தன. சிறுநீரகத்தையும் வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டு, இதுவா வேறு மருந்தா என்று டாக்டர் முடிவு செய்வார். டிஸ்சார்ஜ் தாளில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால், “எலும்புத் தேய்மானத்துக்கு என்ன மருந்து டாக்டர்?” என்று தையல் பிரிக்கப் போகும் நாளில் கேட்டுவிடுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மருந்து என்றால் அடுத்த ஆண்டுக்குள் எல்லோருக்கும் மறந்துபோகும். அந்தத் தேதியை அங்கேயே, மகன் போனிலும் மகள் போனிலும் போட்டுவைத்துவிடலாம்.